நகராட்சி நடக்கும் விதம்

தமிழ்நாட்டில் பேரூராட்சிக்கு மேலேயும் மாநகராட்சிக்குக் கீழேயும் இருக்கும் உள்ளாட்சி அமைப்பு நகராட்சி. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மாநிலத்தில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. குழாயில் தண்ணீர் வருவதும், தெருவிளக்கு எரிவதும், குப்பை அள்ளப்படுவதும், பிறந்த குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறுவதும், இறந்தவரை எரிக்கத் தகன மேடை கிடைப்பதும் இவற்றின் பொறுப்பு. கோட்டையில் யார் ஆண்டாலும் ஒரு குடும்பத்தின் அன்றாடம் நல்லபடி கழிவது பெரும்பாலும் உள்ளாட்சி அலுவலகத்தின் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் இதன் உள்வேலையைப் பற்றி எழுதுவோர் குறைவு.

சட்டப்படி பார்த்தால் நகராட்சி ஒரு நூற்றாண்டு காலம் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்கீழ் இயங்கியது. 1910களின் இறுதியில் ஈரோட்டில் பெரியாரும் சேலத்தில் ராஜாஜியும் நகராட்சித் தலைவர்களாக இருந்தவர்கள். அந்தச் சட்டம் அவர்கள் காலத்தை ஒட்டியே வந்தது. 2023 ஏப்ரல் முதல் அதன் இடத்தில் 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இதற்கெல்லாம் மேலே அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நிற்கிறது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையும், மாநிலத் தேர்தல் ஆணையத்தையும், உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளின் பட்டியலையும் தந்தது. பட்டியல் கையில் இருந்தாலும் எதை எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநில அரசே முடிவுசெய்கிறது. நகராட்சியின் பலமும் பலவீனமும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

நகராட்சிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று மன்றம். வார்டுக்கு ஒருவராக மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலர்கள் கூடித் தங்களுக்குள் ஒரு தலைவரையும் துணைத்தலைவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். 2011இல் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் மறைமுகத் தேர்தல். இடங்களில் பாதி பெண்களுக்கு. 2023இலிருந்து தலைவருக்கு மாதம் 15,000 ரூபாயும், துணைத்தலைவருக்கு 10,000 ரூபாயும், கவுன்சிலருக்கு 5,000 ரூபாயும் மதிப்பூதியம் வழங்கப்படுகிறது. மற்றொன்று அலுவலகம். அதன் தலைமையில் ஆணையர். அவருக்குக் கீழே பொறியாளர், நகர்நல அலுவலர், நகரமைப்பு ஆய்வாளர், மேலாளர், கணக்கர், வருவாய் ஆய்வாளர், துப்புரவு ஆய்வாளர் என வரிசை நீளும். ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. அதனால் வேலையைச் செய்யும் அதிகாரியின் பணிவாழ்க்கை மன்றத்தின் கையில் இல்லை. வாக்குக் கேட்டு வந்த கவுன்சிலரின் கையில் கையெழுத்து அதிகாரம் இல்லை. தெருவில் சாக்கடை வழிந்தால் மக்கள் திட்டுவது கவுன்சிலரை. ஆள் அனுப்ப வேண்டியது துப்புரவு ஆய்வாளர். கவுன்சிலரின் உண்மையான வேலையில் பெரும்பகுதி, தொலைபேசியை எடுத்து அந்த ஆய்வாளரைக் கூப்பிடுவதுதான். இதைச் சிறிய வேலை என்று நினைப்பவர்கள் 2016க்கும் 2022க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை நினைத்துப் பார்க்கலாம். அப்போது தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்களே நகராட்சிகளை நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, தண்ணீரும் வந்தது. ஆனால் வராதபோது தெருவில் யாரிடம் கேட்பது என்பதற்குத்தான் விடை இல்லாமல் போனது.

நகராட்சியின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காலை ஆறு மணி வாக்கில் கோட்ட அலுவலக வாசலில் தூய்மைப் பணியாளர்கள் கூடுவார்கள். மேற்பார்வையாளர் மஸ்டரில் வருகை பதிந்து, யார் எந்தத் தெரு என்று பிரித்துக் கொடுப்பார். யாராவது வராவிட்டால் பக்கத்துத் தெருக்காரர் தலையில் இரண்டு தெரு விழும். பேட்டரி வண்டி வீடு வீடாகப் போகும்: பச்சைத் தொட்டியில் மக்கும் குப்பை, நீலத் தொட்டியில் மக்காதது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே பிரித்துத் தரச் சொல்கின்றன. பிரிக்காமல் ஒரே பையில் கட்டி வாசலில் வைக்கும் வீடுகளின் குப்பையை, அந்தப் பணியாளர் நின்று கையால் பிரிக்கிறார். பிரித்துத் தருவதற்கு ஒரு வீட்டுக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கும் சேர்த்து அதை ஒருவரே செய்ய வேண்டியிருப்பது பெரிய அநியாயம். மக்கும் குப்பை நுண் உரக்கூடத்துக்குப் போய் அரைக்கப்பட்டுத் தொட்டிகளில் கொட்டப்படுகிறது. ஒன்றரை மாதம் வாக்கில் உரமாகிறது. ஊர் எல்லையில் பல ஆண்டுகளாக மலைபோல் குவிந்த பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையும் பல நகராட்சிகளில் நடந்துவருகிறது.

கொசு ஒழிப்பு தனி அணி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஒரு வார அளவில் முட்டை கொசுவாகிவிடும். அதனால் வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் பார்த்து அபேட் மருந்து ஊற்ற வேண்டும். கதவைத் திறக்காத வீடு ஒன்று இருந்தாலும் தெரு முழுதுக்கும் ஆபத்து.

குடிநீர்தான் எல்லாவற்றிலும் நுட்பமான வேலை. பெரும்பாலான நகராட்சிகளுக்கு ஆற்றுப் படுகையிலிருந்தோ அணையிலிருந்தோ கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகத் தண்ணீர் வருகிறது. திட்டத்தை நடத்துவது 1971இல் தொடங்கப்பட்ட குடிநீர் வடிகால் வாரியம். வந்த தண்ணீரை மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றி, பகுதி பகுதியாகத் திறந்துவிடுவது நகராட்சியின் வேலை. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது தேசிய அளவுகோல். பல ஊர்களில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாளோ, அதற்கும் தாமதமாகவோ வருகிறது. எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுக்கு ஏறும் என்பது வால்வு திறப்பவருக்கு மனப்பாடம். குழாய்களின் பழைய வரைபடம் அலுவலகத்தில் இல்லாமல், ஓய்வு பெறப்போகும் ஒரு பிட்டரின் நினைவில் மட்டும் இருக்கும் ஊர்களும் உண்டு. இது கவலைப்பட வேண்டிய விஷயம்.

தண்ணீரில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை எளியது. தெருக்கோடிக் குழாயில் சிறு கண்ணாடிக் குழலில் நீர் பிடித்து, சில சொட்டு ஆர்த்தோடாலிடின் விட்டால் நீர் மஞ்சளாகும். அந்த மஞ்சளைக் குளோரோஸ்கோப் பெட்டியின் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது கணக்கு. தொட்டியடியில் அளந்தால் அளவு எப்போதும் நன்றாகவே தெரியும்; கடைசி வீட்டில் அளந்தால்தான் வழியில் குழாய் உடைந்து சாக்கடை நீர் கலந்திருப்பது பிடிபடும்.

பத்து மணிக்குமேல் அலுவலகத்தின் முகம் மாறும்; சான்றிதழும் அனுமதியும் கேட்டு மக்கள் வரத் தொடங்குவார்கள். பிறப்பு, இறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்தால் பதிவு இலவசம், தாமதமானால் கட்டணம், ஓராண்டு கடந்தால் நிர்வாகத் துறை நடுவரின் உத்தரவு வேண்டும். குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டுவரை கட்டணத்துடன். பள்ளிச் சேர்க்கையின்போது பெயரில்லாத சான்றிதழோடு ஓடிவரும் பெற்றோர் இன்னும் குறையவில்லை. கட்டட அனுமதிக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுரஅடி வரையிலான மனையில் 3,500 சதுரஅடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்டுவோர் இணையவழியில் கட்டணம் செலுத்தி உடனே அனுமதி பெறலாம். சிறு வீடு கட்டுகிறவர் மேசை மேசையாக அலைந்த காலத்தை நினைத்தால் இது உண்மையான விடுதலை.

இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். நகராட்சியின் சொந்த வருவாயில் முதன்மையானது சொத்துவரி. ஆண்டுக்கு இரண்டு அரையாண்டுத் தவணைகள். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை. காலிமனை வரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம் ஆகியவை அடுத்து வரும். தொழில்வரியை ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்குமேல் வாங்க அரசியலமைப்பு இடம்தராது. இவற்றோடு நகராட்சிக் கடைகளின் வாடகை, பேருந்து நிலைய நுழைவுக் கட்டணம், வாரச்சந்தை, சைக்கிள் நிறுத்தம், கட்டணக் கழிப்பறை ஆகியவற்றின் குத்தகை. நிதியாண்டு பிறப்பதற்கு முன்பே இந்தக் குத்தகைகளுக்கு ஏலம் நடக்கும்; அன்று அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும். சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. அந்தப் பணம் நூலகத் துறைக்குரியது.

சொத்துவரியைக் கூட்டுவது யாருக்கும் பிடிக்காத வேலை. சென்னை தவிர்த்த பிற ஊர்களில் 2008இல் பொதுச் சீராய்வு நடந்தது. 2018இல் உயர்த்தப்பட்ட வரி அடுத்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. 2022 ஏப்ரல் முதல்தான் உயர்வு நிலைபெற்றது: 600 சதுரஅடி வரையிலான வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்குமேல் 100. பல ஆண்டு உயர்வு ஒரே நாளில் வந்து விழுந்ததால் மக்களுக்கு அது இடியாகத் தெரிந்தது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறியிருந்தால் இந்த அதிர்ச்சி இருந்திருக்காது. இடைப்பட்ட காலத்தில் சம்பளமும் டீசல் விலையும் மின்கட்டணமும் ஏறாமல் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சொந்த வருவாய் போதாத இடத்தில் மேலிருந்து பணம் வருகிறது. மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. பத்திரப் பதிவின்போது வாங்கும் கூடுதல் வரியிலும் பங்குண்டு. 15ஆவது மத்திய நிதி ஆணையம் 2021–26 காலத்துக்குப் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் தூய்மைக்கும் மட்டுமே செலவிடலாம் என்று கட்டிவிட்டது. இப்படி வரும் பணத்தில் ஊர் தன் விருப்பப்படி செய்ய இடம் குறைவு. தெருமுனைச் சிறுபாலத்தை இந்த ஆண்டே கட்டலாம் என்று ஒரு மன்றம் தானாக முடிவெடுக்க, தன் சொந்த வரி வசூலாகியிருக்க வேண்டும். அந்த வசூலுக்காகத்தான் வரித்தண்டலர் மார்ச் மாத வெயிலில் பாக்கிப் பட்டியலோடு தெருத்தெருவாக நடக்கிறார். கட்டாதவர்களின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கிறார்.

வேலை ஒன்று நடப்பதற்குப் பல படிகள் உண்டு. உதவிப் பொறியாளர் இடத்தை அளந்து மதிப்பீடு தயாரிப்பார்; நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் பெற வேண்டும்; பிறகு 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர். தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்குப் பணி ஆணை. வேலை நடக்கும்போது பொறியாளர் நீளம், அகலம், ஆழத்தை அளந்து எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். ஒப்பந்ததாரருக்குப் பில் போவது இந்தப் புத்தகத்தில் உள்ள எண்களின்படிதான். ஒரு சாக்கடையின் அடித்தளக் கான்கிரீட் எத்தனை அங்குலம் என்பதை மண் மூடியபிறகு யாராலும் பார்க்க முடியாது. அளக்க வேண்டிய நாளில் பொறியாளர் அங்கே நின்றாரா என்பதைப் பொறுத்தே அந்தச் சாக்கடை பத்து ஆண்டு உழைப்பதும் முதல் மழையில் உடைவதும்.

மன்றக் கூட்டம் பெரும்பாலும் மாதம் ஒருமுறை. சில நாட்களுக்கு முன்பே கவுன்சிலர்களுக்கு அஜெண்டா போய்ச் சேரும். ஒவ்வொரு பொருளுக்கும் எண், அலுவலகக் குறிப்பு, செலவுத்தொகை, கடைசியில் ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்ற வரி. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் பொருள்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. பெரும்பாலானவை சில நொடிகளில் நிறைவேறும். குழாய் வெடித்து அவசரமாகச் செய்த பழுதுக்குத் தலைவரின் முன் அனுமதி பெற்று ஏற்கெனவே செலவாகியிருக்கும். அதற்கு மன்றம் பின்னேற்பு தர வேண்டும். விவாதம் சூடுபிடிப்பது இங்கேதான். உண்மையான அவசரங்களும் அஜெண்டாவில் ஏறாமல் தப்பிய வேலைகளும் ஒரே வாசகத்தில் வரும். எதிர்க்கட்சி கவுன்சிலர் எழுந்து எந்தத் தெரு, எத்தனை மீட்டர் என்று கேட்டால், அதுவே மன்றம் தன் வேலையைச் செய்யும் நேரம். ஏற்காதவர்கள் தங்கள் எதிர்ப்பைப் பதிவுசெய்யச் சொல்லலாம். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறும். ஆணையர் கூட்டத்தில் அமர்ந்து விளக்கம் தருவார், வாக்களிக்க மாட்டார். நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரி மேல்முறையீட்டுக் குழு ஆகியவை தனித்தனியே கூடும். வரி கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கும் வீட்டுக்காரர் போகவேண்டியது கடைசிக் குழுவிடம். இது பலருக்குத் தெரிவதில்லை.

2022இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. கிராம சபைபோல நகரத்திலும் மக்கள் உட்கார்ந்து தங்கள் தெருவைப் பற்றிப் பேசும் ஏற்பாடு இது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடின. ஒரு தெருவில் எந்த மின்கம்பத்தில் விளக்கு இல்லை என்பதை அங்கே பத்துப் பேர் சொல்லும்போது அஜெண்டாவுக்கு அது தானாக வருகிறது.

ஆண்டு முடிந்ததும் கணக்குகளை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. வசூலித்துக் கட்டாத தொகை, ரசீது இல்லாத செலவு, அளவுப் புத்தகத்தோடு ஒத்துவராத பில் எல்லாம் தணிக்கைத் தடைகளாக எழுதப்படுகின்றன. ஒவ்வொரு தடைக்கும் அலுவலகம் ஆவணத்தோடு பதில் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அது நிலுவையில் நிற்கும். ஆணையர்கள் மாறிய பிறகும், மன்றம் கலைந்து புது மன்றம் வந்த பிறகும் பழைய ஆண்டுகளின் தடைகள் கோப்பில் தொடர்ந்து வருவதுண்டு. அவற்றுக்குப் பதில் எழுதுவதும் இன்றைய அலுவலகத்தின் வேலைதான்.