வேலி போட்டவரே வேலியைப் பிரித்த கதை: அட்லாண்டிக் சிட்டி கேசினோக்கள்

எங்கள் பெரியப்பா லாட்டரிச் சீட்டு வாங்காத நாள் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மைக் வைத்துக் கூவும் கடையில் நின்று, நம்பர் பார்த்துத்தான் வாங்குவார். "விழுந்தா வீட்டுக்கு, விழலேன்னா நாட்டுக்கு" என்பார். 1968-ல் தமிழக அரசே லாட்டரி நடத்தத் தொடங்கிய காலத்து வாசகம் அது. "எல்லாம் நாட்டுக்கே போகுது, வீட்டுக்கு எப்ப வரும்?" என்று பெரியம்மா அடுப்படியிலிருந்து கேட்பார். 2003 ஜனவரியில் தமிழகத்தில் லாட்டரி தடை செய்யப்பட்டது. பெரியப்பா ஒரு மாதம் எதையோ தொலைத்தவர் போலத் திரிந்தார். பிறகு மளிகைக்கடை பாக்கி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

போன மாதம் ஒரு நண்பர் கேட்டார்: "சூதாடுறவன் எப்படியும் ஆடத்தான் போறான். கேசினோவைச் சட்டப்படி அனுமதிச்சு, வரியை வாங்கி நல்ல காரியத்துக்குச் செலவு பண்ணா என்ன தப்பு?"

நியாயமான கேள்வி. எனக்கு உடனே பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார். ஆனால் ஒரு வீட்டுக் கதை அதற்குப் பதில் ஆகிவிடாது. இதே வாதத்தை நம்பி இறங்கிய ஊர் ஏதாவது இருக்கிறதா, அங்கே என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கேசினோ வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. லாபம் நஷ்டம் இரண்டையும் நிதானமாகக் கணக்குப் பார்க்க அந்தக் காலம் போதும்.

ஒரே ஒரு ஊரில் மட்டும்

அட்லாண்டிக் சிட்டி நியூ ஜெர்சி மாநிலத்தின் கடற்கரை ஊர். ஒரு காலத்தில் ரயிலேறி மக்கள் வந்து குவிந்த உல்லாச ஊர். விமானப் பயணம் மலிவானதும் கூட்டம் வேறு கடற்கரைகளுக்குப் போய்விட்டது. பழைய ஹோட்டல்கள் பாழடைந்தன. ஊரை மீட்க என்ன வழி என்று யோசித்தவர்கள் கேசினோவைக் கையில் எடுத்தார்கள். அப்போது அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் மட்டும்தான் கேசினோ சட்டப்படி நடந்துகொண்டிருந்தது.

1974-ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மாநிலத்தில் கேசினோ வேண்டாம் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டே ஆண்டில், 1976-ல், கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். கேசினோ அட்லாண்டிக் சிட்டியில் மட்டும்தான் இருக்கும். வரிப்பணம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும்தான் போகும். இந்த முறை மக்கள் சரி என்றார்கள்.

இந்த இரண்டு வாக்குறுதிகளையும் கவனியுங்கள். ஒன்று, வேலி: 'உங்கள் தெருவுக்கு வராது.' இன்னொன்று, புண்ணியம்: 'பணம் பாட்டிக்குத்தான் போகுது.' நம்மூர் 'நாட்டுக்கு' வாசகம் செய்த வேலையும் இதுதானே!

வேலியை நன்றாகவே போட்டார்கள். உரிமம் தர ஒரு ஆணையம், ஒவ்வொரு கேசினோவுக்குள்ளும் அரசு ஆய்வாளர்கள், பெரிய ஹோட்டல் கட்டினால்தான் அனுமதி, விடியற்காலையில் சில மணி நேரமாவது மூடியே ஆக வேண்டும் என்று விதிகள். 1977-ல் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஆளுநர் பிரெண்டன் பர்ன், மாஃபியா கும்பல்கள் இந்த ஊர்ப் பக்கமே வரக்கூடாது என்று மேடையில் எச்சரித்தார். 1978 மே 26 அன்று முதல் கேசினோ திறந்தது. வாசலில் வரிசை நின்றது.

ஊருக்கு என்ன கிடைத்தது?

ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். உச்சத்தில் 40,000-க்கும் அதிகமான வேலைகள் உருவாயின. கேசினோக்களின் சூதாட்ட வருவாயில் 8% வரியாக மாநிலத்துக்குப் போனது. அதிலிருந்து முதியோருக்கு மருந்துச் செலவில் உதவி கிடைத்தது. இதெல்லாம் உண்மை.

ஆனால் ஊர் மீண்டதா? 1970-ல் சுமார் 48,000 பேர் வாழ்ந்த நகரம் அது. 2010-ல் மக்கள்தொகை 40,000-க்கும் கீழே. கேசினோ வரப்போகிறது என்றதும் நிலத்தரகர்கள் வீடுகளை வாங்கிக் குவித்தார்கள், வாடகைக்கு இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு பக்கம் பல நூறு கோடி டாலர் புழங்கும் கட்டடங்கள். இரண்டு தெரு தள்ளிப் போனால் காலி மனைகள். காய்கறி வாங்க ஒழுங்கான சூப்பர்மார்க்கெட் கூட இல்லாத நிலைமைக்கு ஊர் வந்தது.

ஏன் இப்படி? ஒரு தொழிற்சாலை வந்தால் சுற்றி டீக்கடை, மெஸ், லாட்ஜ் என்று நாலு பேர் பிழைப்பார்கள். கேசினோவின் தொழில் ரகசியமே வேறு. வந்தவரை வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் அதன் பிழைப்பு. ஜன்னல் இருக்காது, கடிகாரம் இருக்காது. நிறைய ஆடுபவருக்குச் சாப்பாடும் அறையும் இலவசம். இலவசச் சாப்பாட்டோடு ஊர்க்கார ஹோட்டல் எப்படிப் போட்டி போடும்? பல உணவகங்கள் மூடப்பட்டன.

யாருடைய பணம் இது?

'விருப்பப்பட்டு விளையாடுறாங்க, சினிமா டிக்கெட் மாதிரிதான்' என்று சொல்வதுண்டு. சினிமாவில் ஒருவர் ஒரு நாளில் நாலு காட்சிக்கு மேல் பார்க்க முடியாது. சூதில் அந்த வரம்பு கிடையாது. ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 1999-ல் கணக்குப் பார்த்தபோது, பெரியவர்களில் சுமார் 2% பேர்தான் சூதாட்டச் சிக்கலில் இருந்தார்கள். ஆனால் மொத்த இழப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்களுடையது. அதாவது, நிறுத்த முடியாதவர்கள்தான் இந்தத் தொழிலின் முக்கிய வாடிக்கையாளர்கள். அவர்களை எல்லாம் குணப்படுத்திவிட்டால் வருவாயில் பெரும் ஓட்டை விழும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

அடுத்தது குற்றம். எர்ல் கிரினோல்ஸ், டேவிட் மஸ்டர்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1977 முதல் 1996 வரை அமெரிக்க மாவட்டங்களின் குற்றப் பதிவுகளை ஒப்பிட்டு 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேசினோ உள்ள மாவட்டங்களில் 1996-ல் நடந்த குற்றங்களில் சுமார் 8% கேசினோவால் வந்தவை என்பது அவர்கள் கணக்கு. வெளியூரிலிருந்து வந்துபோகும் கூட்டத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் விகிதம் குறையும் என்று இதற்கு மறுப்பும் உண்டு. என்னை யோசிக்க வைத்தது அவர்கள் சொன்ன இன்னொரு விஷயம். கேசினோ திறந்த உடனே குற்றம் பெரிதாக ஏறுவதில்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் ஏறுகிறது. முதலில் சேமிப்பு கரைய வேண்டும், பிறகு நகை, பிறகு கடன். எல்லாம் தீர்ந்த பிறகுதான் கை அடுத்தவர் பணத்துக்கு நீளும். அதனால் திறந்த இரண்டாம் ஆண்டில் 'பாருங்க, ஒண்ணும் ஆகலையே' என்று எடுக்கும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

அரசியலுக்கு என்ன ஆயிற்று?

ஒரு உரிமத்தின் மதிப்பு கோடிக்கணக்கில் இருந்தால், அதைக் கொடுக்கும் கைக்கும் ஒரு விலை வந்துவிடும். 1980-ல் அப்ஸ்கேம் என்ற எஃப்.பி.ஐ. வலையில் சிக்கியவர்கள் விவகாரத்தில் கேசினோ ஆணையத்தின் துணைத்தலைவர் பெயரே அடிபட்டது. அவர் பதவி விலகினார். 1984-ல் அட்லாண்டிக் சிட்டியின் மேயராக இருந்த மைக்கேல் மேத்யூஸ், மாஃபியா தொடர்புள்ள லஞ்ச வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஆளுநர் எச்சரித்து ஏழே ஆண்டு! நியூ ஜெர்சி மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். லூசியானாவில் பலமுறை ஆளுநராக இருந்த எட்வின் எட்வர்ட்ஸ், படகு கேசினோ உரிமம் கேட்டு வந்தவர்களிடம் பணம் பறித்ததாக 2000-ல் தண்டிக்கப்பட்டார்.

லஞ்சம் வாங்கியவரையாவது சிறையில் போடலாம். சட்டப்படியே நடந்த மாற்றத்தை என்ன செய்வது? அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மூதாட்டியின் வீட்டை, பக்கத்து கேசினோவுக்கு வரும் சொகுசு கார்களை நிறுத்த இடம் வேண்டும் என்று, மாநில அமைப்பே கையகப்படுத்தப் பார்த்தது. அவர் வழக்காடி 1998-ல் வென்றார். பொதுநலனுக்கென்று இருக்கும் அதிகாரத்தை யாருக்காக எடுத்து நீட்டினார்கள் பாருங்கள்.

அதைவிட முக்கியம், வேலிக்கு நேர்ந்த கதி. விடியற்காலையில் மூட வேண்டும் என்ற விதி 1990-களின் தொடக்கத்தில் போயிற்று. 24 மணி நேரமும் ஆடலாம். 2006-ல் அட்லாண்டிக் சிட்டி கேசினோக்களின் வருவாய் சுமார் 520 கோடி டாலர், அதுதான் உச்சம். அதே ஆண்டு பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் கேசினோ திறந்தது. வாடிக்கையாளர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆடத் தொடங்கினார்கள். எட்டொன்பது ஆண்டில் அட்லாண்டிக் சிட்டியின் வருவாய் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

அரசு என்ன செய்தது? 240 கோடி டாலரில் எழும்பிக்கொண்டிருந்த ரெவல் என்ற கேசினோவுக்கு 26 கோடி டாலர் வரிச்சலுகை தருவதாக வாக்களித்தது. 2012-ல் திறந்த ரெவல் 2014-ல் மூடப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் 4 கேசினோக்கள் மூடி, சுமார் 8,000 பேர் வேலை இழந்தார்கள். 2016-ல் நகர நிர்வாகத்தையே மாநிலம் தன் கையில் எடுத்துக்கொண்டது. இதற்கு நடுவில் 2013-ல் இணைய சூதாட்டம் அனுமதிக்கப்பட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் வரை போராடி விளையாட்டுப் பந்தயத்தையும் நியூ ஜெர்சி அரசு வாங்கிவந்தது. 'ஒரே ஒரு ஊரில் மட்டும்' என்று ஓட்டு வாங்கியது, இன்று மாநிலத்தில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

அயோவா மாநிலத்தில் இது இன்னும் வேகமாக நடந்தது. 1991-ல் அங்கே படகு கேசினோ வந்தபோது, ஒரு பந்தயத்துக்கு 5 டாலர், ஒரு பயணத்தில் 200 டாலருக்கு மேல் ஒருவர் இழக்கக்கூடாது என்று அருமையான வேலி. பக்கத்து இலினாயில் அந்த வரம்பு இல்லை. படகுகள் வேறு மாநிலங்களுக்கு நகர்ந்தன. 1994-ல் அயோவா வேலியைப் பிரித்துவிட்டது. மூன்றே ஆண்டு!

டாஸ்மாக்கைப் பற்றி எந்த விவாதம் வந்தாலும் 'அப்புறம் வருமானத்துக்கு எங்கே போறது?' என்ற கேள்வி வருவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே நோய்தான். கட்டுப்படுத்த வேண்டியவரே பங்குதாரர் ஆகிவிட்டால், வாடிக்கையாளர் குறைவது அவருக்கும் நஷ்டம்.

சிங்கப்பூர் மட்டும் எப்படி?

நண்பர் இதைக் கேட்பார் என்று தெரியும். சிங்கப்பூர் 2005-ல் முடிவெடுத்து 2010-ல் இரண்டு கேசினோக்களைத் திறந்தது. உள்ளூர்க்காரர் நுழைய ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்டணம். 2019-ல் அதை 150 ஆக்கினார்கள். குடும்பத்தாரே விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கலாம். அங்கே வேலி இன்னும் நிற்கிறது. அதற்கு நான் காணும் காரணம், பெரும்பணம் வெளிநாட்டுப் பயணிகளிடமிருந்து வர வேண்டும் என்றே திட்டம் போட்டார்கள். அரசுக்கு வேறு வருமானங்களும் ஏராளம். ஆனால் கட்டணம் ஏறிய அதே 2019-ல் இரண்டு கேசினோக்களும் விரிவாக்கத்துக்கு அனுமதி பெற்றன என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆக, நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். யாராவது கேசினோ திட்டத்தோடு வந்தால், எவ்வளவு வரி வரும் என்பதோடு நிறுத்தாமல் மூன்று கேள்வி கேள். தோற்கப்போகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? வருவாயில் எவ்வளவு, நிறுத்த முடியாதவர்களின் பணம்? பத்து வருஷம் கழித்து 'போதும்' என்று சொல்ல அரசுக்குத் தெம்பு இருக்குமா?

"மூணாவதுக்கு யாராலயும் உத்தரவாதம் தர முடியாதே" என்றார்.

முடியாதுதான். பெரியப்பா விஷயத்தில் அரசு 'போதும்' என்று சொல்ல 35 வருஷம் ஆயிற்று. பெரியம்மா முதல் வாரமே சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை.