ஆங்கிலத் துணைவாக்கியமும் தமிழ் எச்சமும்

ஆங்கில இலக்கணத்தில், வாக்கியங்களைப் பகுத்து வகை கூறும் பகுதி மாணவர் பலரையும் மருட்டுவதாகும். யாமும் கல்லூரியிற் புகுந்த முதலாண்டில் அதனால் மருண்டோம். 'வென்' எனத் தொடங்குவன யாவும் காலங்காட்டும் வினையடையே என நெட்டுருச் செய்திருந்தமையின், மூன்று வாக்கியங்களுக்கும் ஒரே விடை எழுதினோம். ஆசிரியர் இரண்டு விடைகளைச் சிவப்பு மையால் அடித்து, "இவற்றைத் தமிழிற் சொல்லிப் பாரும்" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

எழுவாயும் அதற்குரிய முற்றுவினையும் கொண்டு தனித்து நிற்கவல்லது முதன்மை வாக்கியம். அவ்விரண்டும் பெற்றிருந்தும் பிறிதொன்றைச் சார்ந்தே நிற்பது துணைவாக்கியம். முதன்மை ஒன்றே வரின் அது தனிவாக்கியம். முதன்மை இரண்டோ பலவோ 'அண்ட்', 'பட்' முதலியவற்றால் இணையின் தொடர்வாக்கியம். முதன்மையோடு துணை சேரின் கலவை வாக்கியம். துணைதானும் பெயர்போல் நிற்பது, பெயருக்கு அடையாவது, வினைக்கு அடையாவது என முத்திறப்படும்.

எம்மை இடறச் செய்த மூன்றிலும் 'வென் ஹி கேம்' என்னும் தொடர் ஓரெழுத்தும் மாறாது நின்றது. 'ஐ நோ வென் ஹி கேம்' என்பதைத் தமிழில், "அவன் எப்பொழுது வந்தான் என்பதை அறிவேன்" என்போம். எதனை அறிவேன் என்னும் வினாவிற்கு விடையாதலின் இது பெயர். 'ஐ ரிமெம்பர் தி டே வென் ஹி கேம்' என்பது, "அவன் வந்த நாளை நினைவுகூர்கின்றேன்" என்றாகும். எந்த நாள் என்பதற்கு விடையாதலின் இது பெயரடை. 'ஐ ரோஸ் வென் ஹி கேம்' என்பதோ, "அவன் வந்தபொழுது எழுந்தேன்" என்றாகும். எப்பொழுது எழுந்தேன் என்பதற்கு விடையாதலின் இதுவே வினையடை. ஆங்கிலம் தொடரின் இடத்தாற் காட்டும் வேற்றுமையைத் தமிழ் சொல்லின் வடிவாற் காட்டுகின்றது. ஆதலின் தலைச்சொல்லை நோக்கி வகை கூறல் பிழை. தொடர் செய்யும் தொழிலை நோக்கியே கூறல் வேண்டும்.

இனி, எதிர்மாறான இடமும் உண்டு. திராவிட மொழிகளில் ஆங்கிலத்தின் 'ஹூ', 'விச்' போன்ற இணைப்புப் பெயர்கள் இன்றிப் பெயரெச்சமே அவற்றின் தொழிலைச் செய்வதைக் கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் விளக்கினார். அப்பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறனையும் கொண்டு முடியும் என்பது நன்னூலார் கொள்கை. வெட்டிய ஆள், வெட்டிய கோடரி, வெட்டிய தோட்டம், வெட்டிய வெட்டு, வெட்டிய நாள், வெட்டிய மரம் என வரும். இவற்றுள் 'வெட்டிய' என்னும் சொல் மாறாது நிற்க, உறவு மட்டும் மாறுகின்றது. தமிழர் அவ்வுறவைப் பொருளால் உணர்வர். ஆங்கிலேயரோ அதனைச் சொல்லாற் கூறியே தீர்வர்.

இதனை மறந்து, "அவன் மரம் வெட்டிய கோடரி" என்னும் நினைவோடு 'தி ஆக்ஸ் விச் ஹி கட்' என எழுதுவோமாயின், அவன் கோடரியையே வெட்டினான் என்று பொருள்படும். 'வித் விச்' என்றல் வேண்டும். அங்ஙனமே, "நேற்று வந்த பையன் என் தம்பி" எனச் சுருங்கச் சொல்லத்தக்கதை, "எந்தப் பையன் நேற்று வந்தானோ அவன் என் தம்பி" என ஆங்கிலத்தின் வழியே நீட்டுதலும் நந்தமிழ் நடைக்கு ஊறாகும்.

இரு மொழியும் கற்பார்க்கு ஒன்று மற்றொன்றின் உரைகல்லாம். ஆங்கிலத் துணைவாக்கியத்தின் வகையில் ஐயம் தோன்றுமிடத்து, தோழர்காள், அதனைத் தமிழிற் சொல்லிப் பார்மின். தமிழிற் சொல்லாது விடுத்த உறவை ஆங்கிலம் எழுதுங்கால் தேடிக் கூறுமின். இவ்விரண்டும் கைவரப்பெறின் சிவப்பு மைக்கு அஞ்ச வேண்டுவதில்லை.