ஆழ்கடலின் ஆர்க்கியா

நுழையும்முன்
கடலின் மேற்பரப்பையே நாம் கடலென்று எண்ணிப் பழகியுள்ளோம். கடல்நீரின் மிகப் பெரும்பகுதி கதிரவனின் ஒளி எட்டாத இருளில் உள்ளது. அவ்விருளில் கண்ணுக்குப் புலப்படாமல் மிதந்து வாழும் ஓர் உயிர்க்குலத்தை அறிமுகப்படுத்துகிறது இக்கட்டுரை.

உயரமும் ஆழமும்
திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்படும் மலையுச்சி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்தீபத்தின் ஒளி தொலைவிலுள்ள ஊர்களுக்கும் தெரியும். அதே 800 மீட்டரைக் கடல்மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளந்தால் நிலைமை வேறு. முதல் 200 மீட்டர் ஒளி மண்டலம். தாவர மிதவை உயிரிகள் ஒளிச்சேர்க்கை செய்வது இங்கேதான். அங்கிருந்து 1000 மீட்டர் வரை ஒளி தேய்ந்துகொண்டே செல்லும் மங்கொளி மண்டலம். அதற்கும் கீழே முற்றிருள். இவ்வாழங்களில் ஒளியை நம்பாது வாழும் உயிர்களுள் முதன்மையானவை ஆர்க்கியா.

மூன்றாம் கிளை
நுண்ணோக்கியில் ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் ஒன்றுபோலவே தோன்றும். 1977ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர்கள் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆகியோர் செல்லிலுள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை ஒப்பிட்டு, ஆர்க்கியா தனியொரு மரபுக்கிளை என நிறுவினர். சாண எரிவாயுக் கலனிலும் நெல்வயல் சேற்றிலும் மீத்தேனை உருவாக்குபவை ஆர்க்கியாவே. வெந்நீர் ஊற்றுகளிலும் உப்பு மிகுந்த நீர்நிலைகளிலும் இவை காணப்பட்டமையால், பிற உயிர்கள் வாழவியலாத கடுஞ்சூழல்களே இவற்றின் உறைவிடம் என்று அக்காலத்தோர் கருதினர்.

1992இல் எட்வர்ட் டிலாங், ஜெட் ஃபர்மன் ஆகியோர் தனித்தனியே நடத்திய ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. குளிர்ந்த, ஆக்சிஜன் உள்ள சாதாரணக் கடல்நீரிலும் ஆர்க்கியாவின் மரபணுத் தடயங்கள் கிடைத்தன.

ஆழத்திற்கேற்ற பரவல்
அவை எவ்வளவு உள்ளன என்னும் வினாவிற்கு விடை, பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகளுக்கு அருகே கிடைத்தது. 4700 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்ட ஓரிடத்தில், பல ஆழங்களிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக நீர்மாதிரிகள் எடுக்கப்பட்டன. ஆர்க்கியாவின் ஆர்.என்.ஏ.வில் மட்டும் ஒட்டி ஒளிரும் சாயத்தைக் கொண்டு செல்கள் எண்ணப்பட்டன. மேற்பரப்பில் பாக்டீரியாவே மிகுதி. ஆழம் கூடக்கூட ஆர்க்கியாவின் ஒரு பிரிவு பெருகி, மிதவை நுண்ணுயிர்களில் 39 விழுக்காடு வரை எட்டியது. 1000 மீட்டருக்குக் கீழே அதன் எண்ணிக்கை பாக்டீரியாவிற்கு நிகராக இருந்தது. 2001இல் வெளியான இவ்வாய்வு, உலகக் கடல்களில் உள்ள ஆர்க்கியா செல்களின் எண்ணிக்கையை 13ஐ அடுத்து 27 சுழியங்கள் இட்டால் வரும் எண் என மதிப்பிட்டது.

இருளில் உணவு
ஒளியின்றி இவை வாழ்வது எங்ஙனம்? 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல்மீன் காட்சியகத் தொட்டியொன்றிலிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட 'நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ்' என்னும் ஆர்க்கியா இதற்கு விடையளித்தது. அது அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றி ஆற்றல் பெறுகிறது. அவ்வாற்றலால் நீரில் கரைந்த கார்பனைத் தன் உடலாக்கிக்கொள்கிறது. இறந்த உயிர்களின் உடல்கள் மேலிருந்து மழைபோல் இறங்கிச் சிதையும்போது அம்மோனியா வெளிப்படுகிறது. மேற்பரப்பில் அதனைத் தாவர மிதவை உயிரிகள் கவர்ந்துகொள்கின்றன. வலிய ஒளியும் இவ்வார்க்கியாவின் செயலைத் தடுக்கிறது. ஆகவே, ஒளி குன்றத் தொடங்கும் ஆழத்திலிருந்து இவை செழிக்கின்றன. இவை தரும் நைட்ரைட்டை வேறு பாக்டீரியா நைட்ரேட்டாக்குகின்றன. நீரோட்டத்தால் மேலேறும் அந்நைட்ரேட்டே தாவர மிதவை உயிரிகளுக்கு உரமாகிறது. அவற்றிலிருந்து மீன்வளம் பெருகுகிறது.

வங்கக்கடலும் நாமும்
இச்சுழற்சிக்கும் கடலில்லாத திருவண்ணாமலை மாவட்டத்திற்கும் தொடர்புண்டு. வயலில் இடும் யூரியா மண்ணில் அம்மோனியாவாகிப் பின் நைட்ரேட்டாகிறது. அங்கும் ஆர்க்கியா பணியாற்றுகின்றன. பயிர் கொள்ளாத மிகுதியை மழைநீர் அடித்துச் செல்கிறது. சாத்தனூர் அணையைக் கடந்து செல்லும் தென்பெண்ணை, கடலூர் அருகே வங்கக்கடலில் கலக்கிறது.

பல பேராறுகளின் நன்னீர் வங்கக்கடலின் உப்புநீர்மீது போர்வைபோல் படர்வதால், நீரடுக்குகள் எளிதில் கலப்பதில்லை. அதன் இடையாழத்தில் ஆக்சிஜன் மிக மிகக் குறைவு. அரபிக்கடலின் இத்தகைய பகுதியில் நைட்ரேட்டின் ஒரு பங்கு நைட்ரஜன் வாயுவாகி இழக்கப்படுகிறது. வங்கக்கடலிலோ எஞ்சியுள்ள சிறிதளவு ஆக்சிஜனே அவ்விழப்பைப் பெரிதும் தடுக்கிறது என்று, கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் பங்கேற்ற 2017ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆறுகள் கொண்டுவரும் உரம் மிகுந்தால் மேற்பரப்பில் மிதவை உயிரிகள் பெருகும். அவை மடிந்து சிதைகையில் அச்சிறிதளவு ஆக்சிஜனும் தீர்ந்துபோகக்கூடும். அந்நிலை நேர்ந்தால் கடல் தன் உரத்தைத் தானே இழக்கத் தொடங்கும்.

ஆகவே, பயிருக்குத் தேவையான அளவே உரமிடுதல் உழவரின் செலவைக் குறைப்பதுடன் நில்லாது, கடலின் வளத்தையும் காக்கும் செயலாகிறது.