கொல்லைப்புறம் வழியாக ஒரு ரவுண்டு

முதியோர் இல்லம் எதற்குள் நுழைந்தாலும் நான் முதலில் கேட்பது, "கொல்லைப்புறம் எந்தப் பக்கங்க?" என்பதைத்தான். வரவேற்பறையில் பித்தளைப் பிள்ளையார், குட்டி நீரூற்று, உருளியில் மிதக்கிற செவ்வந்தி எல்லாம் அமர்க்களமாக இருக்கும். அதெல்லாம் கொண்டுவந்து விடுகிற பிள்ளைகளுக்காகப் போட்ட செட். நிஜம் நடக்கிற இடத்தில் எட்டிப் பார்க்கிற குஷி இருக்கிறதே, அடடா!

கோவையைச் சுற்றி இப்போது மூத்தோர் குடியிருப்புகள் ஏராளம். வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் போனால் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காட்டியே பாதி வியாபாரத்தை முடித்துவிடுகிறார்கள். மலை அழகுதான். படுத்த படுக்கையாகிவிட்ட பாட்டியை மலை வந்து திருப்பிப் படுக்க வைக்காதே! இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பல இடங்கள் நடமாட்டத்தோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான். விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் "வேற இடம் பாத்துக்கங்க" என்று கைவிரிக்கலாம். அப்போதும் வைத்துப் பார்ப்பார்களா, வெளியேறினால் டெபாசிட்டில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் பேப்பர் வேலை. வாங்க, உள்ளே போவோம்!

முதலில் மூக்கு. ஒரு அறையில் மட்டும் மூத்திர வாடை வந்தால் பயப்படாதீர்கள், யாருக்கோ டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வராந்தா முழுக்க வந்தால் கவலைப்படுங்கள். கண்ணே கரிக்கிற மாதிரி ஃபினாயில் நெடியா? நீங்கள் வருவது முன்கூட்டியே தெரிந்துவிட்டது! அதனால்தான் சொல்லாமல் போகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி உத்தமம். மேனேஜர் இருக்க மாட்டார், ஆள் குறைவாக இருக்கும், ராத்திரிச் சாப்பாட்டு வேளை வேறு. வண்டவாளம் எல்லாம் அப்போதுதான் தண்டவாளம் ஏறும்.

அப்புறம் கால் நகம். சிரிக்காதீர்கள்! தலை வாரிப் பவுடர் போட்டு உட்கார வைக்க ஐந்து நிமிஷம் போதும். கால் நகத்தை ஐந்து நிமிஷத்தில் சரிசெய்ய முடியாது. அது வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தால் அந்தப் பாதத்தை வாரக்கணக்கில் யாரும் பார்க்கவில்லை. அப்படியே குதிகாலையும் ஒரு பார்வை பாருங்கள். படுக்கைப் புண் பிருஷ்டத்துக்கு அடுத்தபடி தலைகாட்டுகிற இடங்களில் அதுவும் ஒன்று.

படுக்கைப் புண் என்றதும் எனக்குப் பிடித்த ரிஜிஸ்டர் நினைவுக்கு வருகிறது. அசைய முடியாதவர்களை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, வலது, மல்லாக்க என்று திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் போட்டிருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. திருப்பியதும் நேரம் போட்டுக் கையெழுத்து. ஓர் இல்லத்தில் அந்தச் சார்ட்டை வாங்கிப் பார்த்தேன். மணி மத்தியானம் மூன்றரை. சார்ட்டிலோ இனிமேல் வரப்போகிற ராத்திரி 10, 12, 2, 4 எல்லாக் கட்டமும் ஒரே நீலப் பேனாவில் நிரம்பியிருந்தது! விடியற்காலை 4 மணிக்கு "வலது பக்கம், தூங்குகிறார்" என்று குறிப்பு வேறு. ஜோசியம் பார்க்கிற சிஸ்டரை அன்றைக்குத்தான் கண்டேன். நல்ல இடத்துச் சார்ட் அழுக்காக இருக்கும். மூன்று நான்கு கையெழுத்து, அடித்தல் திருத்தல், ஓரத்தில் டீக்கறை.

அடுத்தது, ஆஹா, சமையல்கட்டு! விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சாப்பாட்டை மிக்ஸியில் அடித்துத் தருவார்கள். சாதம், சாம்பார், பீட்ரூட் பொரியல் மூன்றையும் ஒன்றாகக் கொட்டி ஓட்டினால் வருவது பெயரில்லாத ஒரு ரோஸ் கலர் வஸ்து. நான் பார்த்த ஒரு சமையல்கார அக்கா மூன்றையும் தனித்தனியாக அடித்துத் தட்டில் தனித்தனிக் குவியலாக வைத்தார். "பல்லு போச்சுன்னா நாக்குமா போயிரும்?" என்றார். அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலை டிபனுக்கும் எத்தனை மணி நேர இடைவெளி என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் பொதுவாக அது 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அரசு விதியே இருக்கிறது. நம் ஊரில் ஆறு மணிக்கு இட்லி கொடுத்துவிட்டு மறுநாள் எட்டரைக்கு அடுத்த இட்லி என்றால், சர்க்கரை மாத்திரை போடுகிறவர் நடுவில் என்ன செய்வார்?

துணி துவைக்கிற இடத்தில் ஒவ்வொரு வேட்டி ஓரத்திலும் மார்க்கர் பேனாவில் பெயர் இருந்தால் சபாஷ். பல்செட் டப்பாவிலும் இருந்தால் இரட்டை சபாஷ். இல்லாவிட்டால் ஒருவர் பல் இன்னொருவர் வாயில் சிரிக்கும்!

காலை பதினோரு மணிக்கு ஹால் முழுக்க எல்லோரும் தலை தொங்கத் தூங்கினால் மட்டும் எனக்குக் குஷி போய்விடும். யாருக்கெல்லாம் தூக்க மாத்திரை, எந்த டாக்டர் எழுதியது, கையைக் கட்டி வைக்கிற பழக்கம் உண்டா என்று பட்டென்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் கிளம்பிவிடலாம்.

அட்டெண்டர்களோடு இரண்டு வார்த்தை பேசாமல் வராதீர்கள். எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்பதை அவர்கள்தான் உள்ளபடி சொல்வார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி, "அப்புச்சி, ஏனுங் இன்னும் சாப்புடுல?" என்று அசல் கொங்குத் தமிழில் அதட்டியதைக் கேட்டு அசந்து போனேன். மூன்று வருஷமாக அதே இல்லத்தில், அதே வார்டில் இருக்கிறாளாம்.

கடைசியாக, இருப்பதிலேயே அதிகம் முணுமுணுக்கிற தாத்தாவைத் தேடிப் பிடியுங்கள். அந்தப் பெண் இருந்த இல்லத்தில் ஒருவர் கிடைத்தார். மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார், இவர் பாட்டுக்கு, "சட்னியா அது? தண்ணிப் பந்தல்!" என்று ஆரம்பித்துவிட்டார்.

"நேத்தே சொன்னீங்களேங்கய்யா, இன்னிக்குக் கெட்டியாத்தானே அரைக்கச் சொன்னேன்?" என்றார் மேனேஜர்.

"இன்னிக்கு உப்பில்ல" என்றார் தாத்தா.