முத்திரையை நாடாத முந்திரிகைத் தோட்டம்

இத்தாலியின் வடகிழக்கு எல்லையில், சுலோவேனிய நாட்டை ஒட்டி, ஒசுலாவியா என்னும் சிற்றூர் உண்டு. முதலாம் உலகப் போரிலே பீரங்கிகள் சிதைத்த அதன் குன்றுகளில் இன்று முந்திரிகைக் கொடிகள் படர்கின்றன. அங்கே வைன் வடிப்பவருள் ஒருவர், 1952ஆம் ஆண்டிற் பிறந்த யோசுக்கோ கிராவ்னர்.

அவ்வட்டாரத்துக்குக் கொல்லியோ என்று பெயர். வைன்களின் பிறப்பிடப் பெயரைக் காக்க இத்தாலி 1963இல் ஒரு சட்டம் இயற்றிற்று. 1968இல் கொல்லியோவும் அக்காப்பைப் பெற்றது. அப்பெயரைப் புட்டியிற் பொறிக்க வேண்டுமாயின், விதித்த முந்திரிகை இனமும் விளைச்சல் அளவும் பேணப்பட வேண்டும். நிறம், மணம், சுவை என்பவற்றையும் குழுவொன்று சோதித்து ஒப்ப வேண்டும். போலிச் சரக்கிலிருந்து வாங்குவோரைக் காப்பதே இதன் நோக்கம். நோக்கம் நல்லதே.

கிராவ்னரும் தொடக்கத்திற் காலத்தோடு ஒட்டியே நடந்தார். தந்தையார் காலத்து மரப்பீப்பாய்களை நீக்கிக் கறையில் உருக்குத் தாங்கிகளை அமைத்தார். பின்னர்ப் பிரெஞ்சு நாட்டுச் சிறு பீப்பாய்களை வாங்கினார். புகழும் வந்தது. ஆனால் 1987இல் கலிபோர்னியா சென்று, புதுமுறை வைன்கள் பலவற்றைச் சுவைத்தவர், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கக் கண்டு மனங்கசந்து திரும்பினார்.

வெள்ளை வைனுக்குப் பழத்தைப் பிழிந்தவுடன் தோலை அகற்றிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவதே இக்கால வழக்கம். கிராவ்னரோ தோலோடு சேர்த்தே நொதிக்க வைத்தார். ஆய்கூடத்து மதுவத்தை அவர் சேர்ப்பதில்லை. சுண்ணாம்பு பூசாத முட்டியில் பனஞ்சாறு தானே கள்ளாவது போல, பழத்தோடு வந்த மதுவமே அங்கும் வேலை செய்கிறது. கந்தகத்தை மாத்திரம் சிறிதளவு இடுகிறார். அஃதின்றி வைன் கெடும் என்பது அவர் கொள்கை.

2000ஆம் ஆண்டில் அவர் ஜோர்ஜியா நாட்டுக்குச் சென்றார். அங்கே குவெவ்ரி எனப்படும் பெரிய மட்சாடிகளின் உட்புறத்தில் தேன்மெழுகு பூசி, கழுத்தளவு மண்ணிற் புதைத்து வைன் ஆக்குவர். புதைநிலம் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும். அந்நாட்டில் ஏறக்குறைய எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வைன் வடிக்கப்பட்டமைக்குச் சான்று உண்டு. 2001இன் விளைச்சல் முதல் கிராவ்னரும் அச்சாடிகளையே கையாண்டார்.

தோலோடு மாதக்கணக்கில் ஊறிய வைன் அம்பர் நிறம் பெற்றது, சற்றே துவர்த்தது. வெளிறிய மஞ்சளையே வெள்ளை வைனுக்கு அழகெனப் பழகியவர்களுக்கு அது குறையாகத் தோன்றிற்று. பழைய வாடிக்கையாளர் பலர் விலகினர். அவர் பின்வாங்கவில்லை. கொல்லியோ என்ற பெயரை விடுத்து, விதிகள் தளர்ந்த 'வெனேசியா யூலியா' என்ற பரந்த பிரதேசப் பெயரிலேயே விற்றார். வெளிநாட்டு வெள்ளை இனங்களையும் களைந்து, ஊருக்குரிய ரிபொல்லா இனத்தையே போற்றினார்.

தோலோடு ஊறவைப்பது அக்குன்றுகளின் முன்னோர்க்குத் தெரியாத புதுமையன்று. மரபைக் காக்க எழுந்த விதியோ, தான் எழுதப்பட்ட காலத்து வழக்கத்தையே மரபென்று கொண்டது. அதனினும் பழைய மரபு வாயிலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. விதிக்கு வெளியே நிற்பதனால் மட்டும் ஒரு வைன் நல்லதாகிவிடாது. கவனம் தவறினால் இயற்கை முறை காடியிலே முடியும். முத்திரை பொய்யைத் தடுக்கும். தரத்துக்குப் பிணை நிற்க வேண்டியது ஆக்குவோனின் நேர்மையே.