அபிப்பிராயம் கோரிய மாணவர்கள்

இணையத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும், 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி இரவு லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட முதற் செய்தியில் ‘எல்’, ‘ஓ’ என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் போய்ச் சேர, எதிர்முனைக் கணிப்பொறி செயலற்று நின்றுபோன சம்பவத்திலிருந்தே தொடங்குவார்கள். சுவையான சம்பவந்தான், ஆயினும் அதற்கு ஆறு மாதங்களுக்கும் முன்னதாக, அரவமே இல்லாமல் நிகழ்ந்த வேறொரு காரியந்தான் என் மனத்தைப் பெரிதும் ஆட்கொண்டிருக்கிறது.

அமெரிக்க ராணுவ இலாகாவைச் சேர்ந்த ஆர்ப்பா நிறுவனம் முதலில் நான்கு இடங்களிலுள்ள கணிப்பொறிகளை இணைப்பதென்று தீர்மானித்து, நடுவில் நின்று செய்தித் துண்டுகளை வாங்கி அனுப்பும் சிறு பொறிகளைச் செய்யும் பொறுப்பைக் கேம்பிரிட்ஜிலிருந்த ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஆனால் இணைக்கப்பட்ட கணிப்பொறிகள் தம்முள் எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்று வகுக்கும் கடமை எவரிடமும் திட்டவட்டமாகத் தரப்படவில்லை. 1968 கோடையில் சாந்தா பார்பராவில் கூடிய, அந்த நான்கு இடங்களைச் சேர்ந்த மாணவர்கள் சிலர், கிழக்குக் கரையிலிருந்து கைதேர்ந்த பெரியவர்கள் யாரேனும் வந்து இதை ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தபடியே மாதக்கணக்கில் கூடிக் கூடி ஆலோசித்தார்கள். ஒருவரும் வரவில்லை.

பேசியதையெல்லாம் எழுதிவைக்க வேண்டிய கட்டம் வந்தபோது, அவர்களுள் ஒருவரான ஸ்டீவ் க்ராக்கருக்குப் பெரும் தயக்கம் உண்டாயிற்று. அதிகாரமில்லாத மாணவர்கள் விதி வகுக்கத் துணிந்தார்கள் என்று, இன்னாரென்று தெரியாத அந்தப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? தாம் தங்கியிருந்த நண்பர்களின் நித்திரைக்குப் பங்கம் நேரலாகாது என்று, ஓர் இரவு குளியலறைக்குள் விளக்கைப் போட்டு உட்கார்ந்து அவர் எழுதத் தொடங்கினார். அக்குறிப்புகளுக்கு ‘விதி’ என்றோ ‘சட்டம்’ என்றோ பெயரிடாமல், ‘அபிப்பிராயம் கோரும் விண்ணப்பம்’ என்று பொருள்படும் ஆர்.எஃப்.சி. என்ற பெயரைச் சூட்டினார். முதலாவது குறிப்பு 1969 ஏப்ரல் 7ஆம் தேதி வெளியாயிற்று. இணையம் இயங்குவதற்கான விதிகளில் மிகப் பெரும்பாலானவை இன்றளவும் அந்தப் பணிவான பெயரையே தாங்கி வருகின்றன.

அதே மாதம் வந்த மூன்றாவது குறிப்பை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எவரும் எங்கிருந்தும் எழுதலாம். உதாரணம் இல்லாத தத்துவமும், விடையறியாத கேள்வியும், முன்னுரையற்ற யோசனையும் ஏற்கப்படும். ஒரே ஒரு வாக்கியம் இருந்தாலும் போதும் என்கிறது அது. எழுத்தில் வந்துவிட்டாலே அதைப் பிரமாணமாகக் கொள்ளும் மனித சுபாவத்தையும், செப்பனிடாததை வெளியிடக் கூசும் சங்கோசத்தையும் நீக்குவதே நோக்கம் என்று அக்குறிப்பே காரணமும் கூறிவிடுகிறது. பக்குவப்படாத சிந்தனையை இவ்வளவு மரியாதையுடன் வரவேற்ற வித்வத் சபை உலகில் அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

இந்தச் சம்பிரதாயம் பலித்ததற்கு வேறொரு கட்டுப்பாடும் துணையாயிற்று: எண்ணிட்டு வெளியான குறிப்பில் பின்னர் ஓர் எழுத்தும் மாற்றப்படுவதில்லை, பிழை தென்பட்டால் புதிய எண்ணுடன் புதிய குறிப்பு பிறக்கும், பழையதும் பக்கத்திலேயே இருக்கும். குறிப்புகள் இலவசமாகக் கிடைத்ததும் துணைபுரிந்தது. கணிப்பொறிகளை இணைப்பதற்கெனச் சர்வதேசத் தர நிறுவனத்தின் குழுக்கள் 1977 முதல் பெரும் பிரயாசையுடன் வகுத்த விதிகளின் பிரதிகள் விலைக்கு விற்கப்பட்டன; ஐ.பி., டி.சி.பி. என்னும் இணையத்தின் மூலாதார விதிகளாக 1981 செப்டம்பரில் வெளியான 791, 793ஆம் குறிப்புகளையோ எந்த மாணவனும் அனுமதியோ காசோ இன்றி எடுத்துப் படித்துத் தானே நிரல் எழுதிப் பார்க்க முடிந்தது.

இக்குறிப்புகளைப் பல்லாண்டுக் காலம் பரிசோதித்துப் பதிப்பித்தவர் ஜான் போஸ்டல். க்ராக்கரும், இணைய விதிகளை வகுத்தவர்களுள் ஒருவரான வின்ட் செர்ஃபும் பயின்ற வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியிலேயே பயின்றவர். நீண்ட தாடியும் காலில் செருப்புமாக உலவிய அம்மனிதர் 1998 அக்டோபர் 16ஆம் தேதி காலமானார். அவரை நினைந்து நண்பர் செர்ஃப் எழுதிய அஞ்சலி, எண்ணும் தேதியும் இடப்பட்டு, அதே வரிசையில் 2468ஆம் குறிப்பாக வெளியாயிற்று.