கார்டு கொதிக்கிறது: குறை அறையிலா, பெட்டியிலா, கார்டிலா?

மே மாதத்தில் கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை திக்கித் திக்கி நகர்கிறது. ஃபேன்கள் இரைகின்றன. சில வேளைகளில் கம்ப்யூட்டரே அணைந்துவிடுகிறது. வாங்கிய கடைக்குப் போன் போட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “வெயில் காலம் தம்பி, அப்படித்தான் இருக்கும்.” இந்தப் பதிலில் பாதி உண்மை. மீதிப் பாதியில், முப்பதாயிரம், ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று கொடுத்து கிராபிக்ஸ் கார்டு வாங்கியவரின் உரிமை காணாமல் போகிறது. வெயிலால் ஏறும் சூடு எவ்வளவு, கார்டின் குறையால் ஏறும் சூடு எவ்வளவு என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். அளந்து, எழுத்தில் வைத்திருப்பவரைச் சமாதானம் சொல்லி அனுப்புவது கடினம்.

முதலில் அந்தப் பாதி உண்மை. கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறதோ அவ்வளவும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட். 4090 என்றால் 450 வாட், 5090 என்றால் 575 வாட். பிராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்த்து 700 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரை ஜன்னல் சாத்திய பத்துக்குப் பத்து அறையில் ஓட்டுவதும், அதே அறையில் 700 வாட் ரூம் ஹீட்டர் போடுவதும் வெப்பக் கணக்கில் ஒன்றுதான். கார்டின் ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கிற காற்றைத்தான் எடுத்து ஊதுகிறது. அறை 12 டிகிரி சூடானால், ஃபேன் வேகம் மாறாதவரை கார்டும் ஏறத்தாழ 12 டிகிரி சூடாகும். ஏசி போட்ட 26 டிகிரி அறையில் 68 காட்டிய கார்டு, 38 டிகிரி மதியத்தில் 80 காட்டினால் அது இயல்பு.

4090 கார்டுக்கு என்விடியா வைத்திருக்கும் உச்ச வரம்பு 90 டிகிரி. வரம்பை நெருங்கும்போது கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிலைமை கைமீறினால் அணைந்துவிடும். எனவே ஒரே நாளில் எரிந்துபோகும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வருடக்கணக்கில் வரம்பை ஒட்டியே ஓடும் கார்டில் சிப்புக்கும் கூலருக்கும் நடுவே உள்ள பேஸ்ட் காய்கிறது, ஃபேனின் பேரிங் தேய்கிறது, சூடாகிச் சூடாகி ஆறுவதில் சால்டரும் தளர்கிறது. வாரண்டி முடிந்த பிறகுதான் இவை பெரும்பாலும் வெளியே தெரியும்.

அளப்பதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் கார்டின் பொதுவான வெப்பநிலையோடு, சிப்பிலேயே அதிகச் சூடான இடத்தைக் காட்டும் ‘ஹாட்ஸ்பாட்’ எண்ணும், சில கார்டுகளில் மெமரியின் வெப்பமும் தனித்தனியாகத் தெரியும். (என்விடியாவின் 50 வரிசையில் ஹாட்ஸ்பாட் எண் கிடைப்பதில்லை.) நீங்கள் வழக்கமாக ஆடும் கேமையே அரை மணி நேரம் ஓட்டுங்கள். அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருளிலேயே பதிவை ஃபைலாகச் சேமிக்க வழி இருக்கிறது. பிறகு கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு, அதே கேமை, அதே நேரம், மறுபடி ஓட்டுங்கள்.

இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறைய விளங்கிவிடும். கதவைக் கழற்றியதும் 8, 10 டிகிரி இறங்கினால், குறை கேபினெட்டின் காற்றோட்டத்தில். கதவு திறந்தும் ஓரிரு டிகிரிதான் மாறுகிறது, பொதுவான வெப்பம் 70 சொச்சத்தில் இருக்க ஹாட்ஸ்பாட் மட்டும் 105, 110 என்று நிற்கிறது என்றால், கூலர் சிப்பின் மேல் சரியாக உட்காரவில்லை, அல்லது கூலரே பழுது. இரண்டு எண்களுக்கும் நடுவே 10, 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 30 டிகிரியைத் தாண்டினால் வெயிலைக் காரணம் காட்ட முடியாது. வெயில் இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் ஏற்றும்.

இது வெறும் யூகமல்ல என்பதற்கு ஏஎம்டியின் கார்டே சாட்சி. ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 2022 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. சில வாரங்களிலேயே ஹாட்ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டு வேகம் குறைகிறது என்று வாங்கியவர்கள் எழுதத் தொடங்கினார்கள். 110 என்பது ஏஎம்டியே சொன்ன உச்ச வரம்புதான். அதனால் ‘வரம்புக்குள்தானே இருக்கிறது’ என்று வாதாட இடம் இருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த கம்ப்யூட்டர் பாகச் சோதனையாளர் ரோமன் ஹார்டுங் கார்டைக் கிடையாகவும் செங்குத்தாகவும் வைத்து ஓட்டிப் பார்த்தார். நிறுத்தி வைத்தபோது ஒழுங்காக இருந்த கார்டு, படுக்க வைத்ததும் கொதித்தது. குறை எங்கே என்று அதிலிருந்து பிடிபட்டது. அந்தக் கூலரில் மூடிய உலோகத் தட்டு ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் சிறிதளவு நீர் சிப்பின் சூட்டில் ஆவியாகி, தட்டின் மறுபக்கம் போய்க் குளிர்ந்து, திரும்பி வர வேண்டும். ஒரு தொகுதி கார்டுகளில் அந்த நீர் போதிய அளவு நிரப்பப்படவில்லை என்று 2023 ஜனவரியில் ஏஎம்டியின் ஸ்காட் ஹெர்க்கெல்மேன் ஒப்புக்கொண்டார். கார்டுகள் மாற்றிக் கொடுக்கப்பட்டன. வாங்கியவர்கள் எண்களோடு வந்ததால்தான் அது நடந்தது.

குறை நம் பக்கம் இருந்தால் செலவு அதிகமில்லை. நம் வீடுகளில் கம்ப்யூட்டர் மேஜையின் கீழே கேபினெட்டுக்கென்று மரத்தால் அடைத்த அறை ஒன்று இருக்கும். கேமிங் கம்ப்யூட்டரை அதற்குள் வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே மிகப் பரவலான தவறு. பின்னால் வெளியேறும் சூடு சுவரில் மோதி முன்பக்கமே திரும்பி வருகிறது. வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் பார்க்க அழகுதான். காற்று நுழைய வழி இல்லையென்றால் எத்தனை ஃபேன் இருந்தும் பயனில்லை. வலை போட்ட முகப்பு, முன்னால் உள்ளே இழுக்கும் ஃபேன் இரண்டு, பின்னால் வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று. பெரும்பாலான கார்டுகளுக்கு இது போதும்.

பிறகு தூசி. பூஜையறைச் சாம்பிராணிப் புகையும் சமையலறை எண்ணெய்ப் புகையும் எட்டுகிற அறையில் தூசி உதிரியாக இருக்காது. கார்டின் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் பிசுபிசுப்பாகப் படிந்து, டார்ச் அடித்துப் பார்த்தால் இடைவெளியே தெரியாதபடி அடைத்திருக்கும். பல்லி ஃபேனுக்குள் சிக்குவதும் எறும்பு குடியேறுவதும் நம் ஊரில் புதிதல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷும் பிளோயரும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் வேகமாகச் சுழன்று பேரிங் கெடும்.

காசில்லாத வைத்தியம் இரண்டு. ஒன்று, ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 200 ஃபிரேம் தயாரிப்பது வீண் சூடு. 2021 ஜூலையில் அமேசானின் ‘நியூ வேர்ல்ட்’ கேம் சோதனை ஓட்டத்தில் இருந்தபோது, மெனு திரையிலேயே கட்டுப்பாடில்லாமல் ஃபிரேம்கள் ஓடி, இவிஜிஏ நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்துப்போயின. சுமார் இரண்டு டஜன் கார்டுகளில் சால்டர் வேலை சரியில்லை என்று அந்த நிறுவனம் பிறகு சொன்னது. மாற்றுக் கார்டும் கொடுத்தது. கேமும் மெனுவுக்கு ஃபிரேம் வரம்பு போட்டது. இன்னொன்று, ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குவது. எந்த கம்பெனி கார்டுக்கும் அது வேலை செய்யும். வேகம் கொஞ்சம்தான் குறையும்; சூடும் இரைச்சலும் கண்கூடாக இறங்கும்.

தள்ளிப்போடக் கூடாத ஆபத்து ஒன்று உண்டு. 4090 போன்ற கார்டுகளின் 16 முனைப் பவர் கனெக்டர் உருகிய சம்பவங்கள் 2022 அக்டோபர் முதல் வெளிவந்தன. முழுதாக உள்ளே போகாத கனெக்டர் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. இடைவெளி தெரியாதவரை அழுத்திச் செருக வேண்டும். ஒயரைக் கனெக்டரை ஒட்டியே வளைக்கக் கூடாது. பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தால் முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள். பிறகு எதையும் கழற்றாமல் போட்டோ எடுங்கள்.

குறை கார்டில்தான் என்று தெரிந்தால், வாரண்டி இருக்கும்வரை கூலரைக் கழற்றி நீங்களாகவே பேஸ்ட் மாற்ற வேண்டாம். ‘இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி கிடையாது’ என்று எழுதுவதை 2018-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் கண்டித்து, ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இங்கே அந்த அளவுக்கு நேரடியான பாதுகாப்பு இல்லை. வெளிப்புறத் தூசியைத் தட்டுவது வேறு, திருகைக் கழற்றுவது வேறு. சர்வீஸ் சென்டரில் கொடுக்கும் முன் கார்டை எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். சீரியல் எண்ணும் கார்டின் நிலையும் எழுதிய ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடற்கரை ஊர்களில் பிராக்கெட்டில் லேசாகத் துரு இருப்பதைச் சொல்லி வாரண்டியை மறுக்கப் பார்ப்பார்கள். அந்த போட்டோக்கள் அப்போது கைகொடுக்கும். வாங்கும்போதே சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் இருக்கிறதா, பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாத கார்டு விலை குறைவாகக் கிடைக்கலாம். வாரண்டிக்கு யாரிடம் போவது என்பது தெரியாது.

வாரண்டியை மறுத்துவிட்டால் புகாரை எழுத்தில் கொடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020-ன் மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஆன்லைனிலும் மனு கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பழுதுபார்த்துத் தர, மாற்றித் தர, பணத்தைத் திருப்ப, நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் சொல்லும். நீங்கள் சேமித்து வைத்த அந்த இரண்டு பதிவுகளை மனுவோடு இணையுங்கள்.

கேமிங் சென்டர் நடத்துபவர், வீடியோ எடிட்டிங் செய்பவர் ஆகியோரிடம் ‘தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்று வாதிடுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிய பொருள் என்றால், சட்டம் அவரையும் நுகர்வோராகவே கருதுகிறது. பழைய கார்டைத் தனிநபரிடம் வாங்குபவருக்கு இந்தக் கதவு அநேகமாக மூடியிருக்கும். அதனால் விற்பவரின் வீட்டுக்கே போய், அவருடைய கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் கேமை ஓட்டச் சொல்லி, ஹாட்ஸ்பாட் எண்ணைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.